இறுக்கினால் மட்டும் போதுமா?

அமெரிக்காவில் 1970-களிலும் 80-களிலும் விற்பனையான பிக்கப் டிரக்குகள் கணிசமான எண்ணிக்கையில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் சாய்வு ஸ்டீயரிங் பொருத்திய வண்டிகளுக்கு, குறிப்பாக ஷெவர்லே சி/கே வரிசைக்கு, பேர்போன ஒரு கோளாறு உண்டு. ஸ்டீயரிங் வீலைத் திருப்பாமல் இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினால், ஸ்டீயரிங் கம்பத்தின் தலைப்பகுதி முழுவதும் சற்றே எழும்பி ‘டக்’ என்று மறுபடி உட்காரும். “வயதான வண்டி, தேய்ந்திருக்கும்” என்பதுதான் பார்த்தவுடன் சொல்லப்படும் தீர்ப்பு. பெரும்பாலான வண்டிகளில் அது சரியல்ல. எந்த உறுப்பும் தேயாமலேயே இந்த ஆட்டம் வரும். கம்பத்துக்குள் கண்ணில் படாமல் இருக்கும் நான்கு சிறு போல்ட்டுகள் இறுக்கம் இழப்பதுதான் காரணம். இறுக்கம் போனதற்கான காரணத்தை விட்டுவிட்டுப் போல்ட்டை மட்டும் திருகி வைத்தால், ஆட்டம் திரும்பிவரத்தான் செய்யும்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சாகினா பிரிவு 1963-இல் இந்தச் சாய்வு ஸ்டீயரிங்கைக் கார்களில் அறிமுகப்படுத்தியது. பின்னர் அதே குடும்பத்தைச் சேர்ந்த கம்பங்கள் டிரக்குகளுக்கும் ஜீப்புகளுக்கும் போயின. அமைப்பு எளிமையானது. டாஷ்போர்டுக்கு அடியில் உறுதியாக நிற்கும் குழாயின் தலையில் ஒரு தாங்கியை நான்கு போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. அந்தத் தாங்கியின் இரு பக்கமும் உள்ள இரண்டு ஊசிகளைக் கீலாகக் கொண்டு மேல் கூடு சாய்கிறது. பல் வெட்டிய பூட்டுக் கட்டைகள் அதை வேண்டிய கோணத்தில் நிறுத்துகின்றன. உள்ளே ஓடும் தண்டும் இரண்டு துண்டுதான். நடுவில் உள்ள உருண்டை மூட்டு, கம்பம் எந்தக் கோணத்தில் இருந்தாலும் திருப்பத்தைக் கீழே கடத்திவிடும். அதனால்தான் நான்கு போல்ட்டும் தளர்ந்தாலும் வண்டி சொன்ன பக்கம் திரும்புகிறது. ஓட்டுநரும் ஆட்டத்தைப் பொருட்படுத்தாமல் நாளைக் கடத்துகிறார். நோயைப் பிரித்தறியும் வழியும் இதிலேயே இருக்கிறது. வீலை இடவலமாகத் திருப்பும்போது முன்சக்கரம் அசையாமல் சற்று வெற்றாகச் சுற்றினால், குறை ஸ்டீயரிங் பாக்ஸிலோ கீழுள்ள இணைப்புகளிலோ இருக்கிறது. தூக்கினால் மட்டும் ஆடினால் குறை கம்பத்தின் தலையில்.

ஒரு போல்ட் எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்தால் மற்றதெல்லாம் விளங்கும். முறுக்கும்போது போல்ட்டின் உடல் நுண்ணிய அளவு நீள்கிறது. நீண்ட எஃகு சுருங்கத் துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் இரண்டு பாகங்களையும் ஒன்றோடொன்று அழுத்துகிறது. பாகங்கள் வழுக்காமல் நிற்பது இந்த அழுத்தத்தால் எழும் உராய்வினால். ஆனால் அந்த நீட்சி மிகச் சிறியது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன் இழுவிசை என்று கொண்டால், 15 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகு போல்ட் நீள்வது 0.03 மில்லிமீட்டர் மட்டுமே. உலோகப் பரப்புகள் பார்வைக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அவற்றில் நுண்மேடுகள் உண்டு. சுமை ஏற ஏற அவை நசுங்கி அமரும். அப்படி 0.006 மில்லிமீட்டர் அமர்ந்துவிட்டால் போல்ட்டின் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும், போல்ட் ஒரு பாகைகூடத் திரும்பாமலேயே. அதே அமர்வு 150 மில்லிமீட்டர் நீளப் போல்ட்டில் நடந்தால் இழப்பு வெறும் இரண்டு சதவீதம். குட்டைப் போல்ட் எளிதில் தளரும் என்று மெக்கானிக்குகள் அனுபவத்தில் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். ஸ்டீயரிங் கம்பத்துக்குள் நீளப் போல்ட் வைக்க இடமில்லை.

அழுத்தம் குறைவது முதல் கட்டம். போல்ட் தானே பின்னோக்கிச் சுழன்று வெளியேறுவது அடுத்த கட்டம். 1945-இல் குடியர், ஸ்வீனி என்ற இரு ஆய்வாளர்கள் போல்ட்டின் அச்சுத் திசையில் சுமையை ஏற்றி இறக்கி ஆராய்ந்தனர். தளர்வு வந்தது, ஆனால் மிகக் குறைவாக. 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் பாகங்களைக் குறுக்குத் திசையில் அசைத்துக்கொண்டே போல்ட்டின் இழுவிசையை அளந்து காட்டினார். அந்த அசைவில் நன்றாக இறுக்கிய போல்ட்டும் தானாகக் கழன்றது. உராய்வு எப்போதும் வழுக்கும் திசைக்கு எதிராகவே நிற்கும். பாகங்கள் குறுக்கே வழுக்கும் கணத்தில் உராய்வு முழுவதும் அந்தத் திசையைத் தடுப்பதில் செலவாகிவிடுகிறது. சுழற்சியைத் தடுக்க அதனிடம் மிச்சம் ஏதுமில்லை. இறுகிய பாட்டில் தக்கையைத் திருகியபடி இழுத்தால் சுலபமாக வருவதும் இதே காரணத்தால்தான். மரை சாய்வாக வெட்டப்பட்டது என்பதால், இழுவிசைக்கு உள்ளேயே போல்ட்டைப் பின்னோக்கிச் சுழற்றும் ஒரு சிறு முறுக்கு எப்போதும் இருக்கிறது. தடை நீங்கும் ஒவ்வொரு கணமும் அது கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். ஸ்டீயரிங்கைத் திருப்பும் விசை மிகக் குறைவு. பவர் ஸ்டீயரிங் வண்டியில் ஒரு விரலே போதும். அது எப்படி எஃகு போல்ட்டைத் தளர்த்தும்? திருப்பும் விசை குற்றவாளி அல்ல. பிக்கப் உயரமான வண்டி. ஏறி உட்கார்வதற்கு ஸ்டீயரிங் வீல் நல்ல கைப்பிடி. இறங்கும்போதும் அதில் ஊன்றித்தான் எழுகிறார்கள். வீலின் மட்டத்திலிருந்து போல்ட்டுகள் 20 சென்டிமீட்டர் தள்ளியும், போல்ட்டுகளுக்குள் இடைவெளி நான்கைந்து சென்டிமீட்டருமாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 கிலோ எடைக்கு நிகரான ஓர் இழுப்பு, நெம்புகோல் விதிப்படி அங்கே நான்கைந்து மடங்காகப் பெருகும். புதிதாக இறுக்கிய போல்ட்டுகள் இதைத் தாங்கும். ஆனால் அமர்வினால் அழுத்தம் குறைந்துபோன இணைப்பில் ஒவ்வொரு இழுப்பும் ஒரு நுண்வழுக்கல். பாதை மேடுபள்ளத்தின் அதிர்வும் சேர்ந்துகொள்ள, யுங்கரின் சோதனை இருக்கையில் அமர்ந்தபடியே பல ஆண்டுகள் நடக்கிறது. ஆட்டம் தொடங்கியபின் வேகம் கூடுவதும் இதனால்தான்: வழுக்கல் அழுத்தத்தைக் குறைக்கும், குறைந்த அழுத்தம் வழுக்கலைக் கூட்டும்.

எனவே “பிரித்து இறுக்கிவிட்டால் ஆயிற்று” என்பது பாதி வைத்தியம். போல்ட்டில் செலுத்தும் முறுக்கில் சுமார் 50 சதவீதம் தலைக்கடி உராய்விலும், 40 சதவீதம் மரை உராய்விலும் போய்விடுகிறது. இழுவிசையாக மாறுவது மீதி 10 சதவீதம்தான். துருவும் பழைய கிரீஸ் கட்டியும் படிந்த மரையில் அந்தப் பத்தும் குறையும். கைக்கு இறுகியதாகத் தோன்றும், இணைப்பில் அழுத்தம் இருக்காது. “ஸ்பிரிங் வாஷர் போடலாமே” என்பார்கள். போல்ட் இறுகியதும் அது தட்டையாகி வெறும் வாஷராகிவிடுகிறது, பூட்டாக அதனால் பயனில்லை என்று நாசா 1990-இல் வெளியிட்ட போல்ட் வடிவமைப்புக் கையேடே சொல்லிவிட்டது. வெல்டிங் வைப்பது இன்னும் மோசம். விபத்தில் ஓட்டுநரின் மார்பைக் காக்க மடிந்து உள்வாங்கும்படிதான் இந்தக் கம்பங்கள் வடிவமைக்கப்பட்டுள்ளன. 1968 ஜனவரி முதல் அமெரிக்கக் கார்களுக்கு இது சட்டம்: மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினாலும் கம்பம் ஓட்டுநரை நோக்கி 127 மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. அப்படிப்பட்ட கம்பத்தில் வெல்டிங் வைப்பது அதன் உயிர்காக்கும் குணத்தோடு விளையாடுவதாகும்.

முறையான வைத்தியம் நீளமானது, ஆனால் கடினமானதல்ல. பேட்டரி இணைப்பைக் கழற்றுவது முதல் வேலை. காற்றுப்பை உள்ள பிற்கால வண்டியாக இருந்தால் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்கவும் வேண்டும். ஸ்டீயரிங் வீலைப் புல்லர் கொண்டே எடுக்க வேண்டும், சுத்தியலால் தட்டக் கூடாது. தண்டுக்குள் மோதலின்போது முறிவதற்கென்றே வார்த்த பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கின்றன; தட்டினால் அவை அப்போதே முறிந்துவிடக்கூடும். பிறகு பூட்டுத் தகட்டை அழுத்திப் பிடித்து அதன் வளையத்தை எடுத்து, இண்டிகேட்டர் சுவிட்சையும் சாவிப் பூட்டையும் விலக்கி, விசையோடு வெளியே பாயக்கூடிய சாய்வு ஸ்பிரிங்கை எச்சரிக்கையாகத் தளர்த்தி, இரு கீல் ஊசிகளையும் உருவினால் கூடு கையோடு வரும். அதன் அடியில் நட்சத்திரத் தலையோடு நான்கு போல்ட்டுகளும் தெரியும். பல வண்டிகளில் அவற்றை விரலாலேயே திருக முடியும். அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மரையையும் துளையையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, மரைப்பூட்டுத் திரவம் இட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும். இந்தத் திரவத்தை 1953-இல் உருவாக்கியவர் ஹார்ட்ஃபோர்ட் நகர டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள். காற்று பட்டால் திரவமாகவே இருக்கும். காற்றில்லாத மரை இடுக்கில், உலோகத்தின் தொடுதலில் கெட்டியான பிளாஸ்டிக்காக மாறும். மரைக்கு உள்ளே இருக்கும் வெற்றிடத்தை அது நிரப்பிவிடுவதால், குறுக்கே வழுக்குவதற்கு இடமே இல்லாமல் போகிறது. யுங்கர் கண்ட காரணத்தின் வேரிலேயே கைவைக்கிற மருந்து இது. ஒரு எச்சரிக்கை: சில பிளாஸ்டிக்குகளை அது விரிசல் விடச் செய்யும், சுவிட்சுகள் நெருக்கமாக உள்ள இடத்தில் சிந்தவிடக் கூடாது.

“வண்டிதான் திரும்புகிறதே, இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?” என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. இதே கம்பத்தின் ஊடாகத்தான் இண்டிகேட்டர், ஹார்ன் ஒயர்களும், சாவியின் திருப்பத்தை இக்னிஷன் சுவிட்சுக்குக் கொண்டுபோகும் கம்பியும் செல்கின்றன. கூடு ஆட ஆட அவை உரசும், இடம் பிசகும். அவசரமாக வண்டியை வெட்டித் திருப்ப வேண்டிய நொடியில் கைக்கு உறுதியான பிடிமானம் இல்லாததும் சிறு குறையல்ல. அதே வேளையில், மரைப்பூட்டுத் திரவத்தைச் சர்வரோக நிவாரணியாக எண்ணவும் கூடாது. அது சுழற்சியைத் தடுக்கும். அமர்வினால் போகும் அழுத்தத்தைத் திருப்பித் தராது. துளை நீள்வட்டமாகிவிட்டாலோ, வார்ப்பில் விரிசல் கண்டாலோ, கீல் ஊசியின் குழி தேய்ந்திருந்தாலோ பாகத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை. பழைய இரும்புக் கடையிலிருந்து முழுக் கம்பத்தையே வாங்கி மாட்டுவதும் தீர்வாகாது. அதற்குள்ளும் இதே நான்கு குட்டைப் போல்ட்டுகள் இதே வயதோடு இருக்கும். ஆகவே முதலில் ஆட்டம் எந்தத் திசையில் என்று பார்க்க வேண்டும். அடுத்து அழுத்தம் போனதா, பாகம் போனதா என்று பிரிக்க வேண்டும். ஸ்பானருக்குக் கை போவது அதற்குப் பிறகுதான். கடைசியாக, ஏறி இறங்குவதற்குக் கதவுத் தூணில் ஒரு கைப்பிடி பொருத்திக்கொண்டால், போல்ட்டைத் தளர்த்திய விசையே ஸ்டீயரிங்கை விட்டு விலகிவிடும். பழுதுபார்ப்பில் மிக மலிவான பகுதி அதுதான். நீண்ட நாள் பலன் தருவதும் அதுவே.