மருந்து கட்டியின் மையத்தை எட்டுகிறதா?

அந்தமான் காடுகளில் பணிபுரிவோர் கண்ணில் முதலிற் படுவன பாடாக், கர்ஜன் முதலிய பெருமரங்களே. கோடியோகார்ப்பஸ் அந்தமானிகஸ் என்னும் மரத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. முன்னைத் தாவரவியலார் அதனை ஐகாசினேசி என்னும் குடும்பத்தில் வைத்திருந்தனர். இக்காலத்தார் வேறு குடும்பத்தில் சேர்க்கின்றனர். ஐகாசினேசிக் குடும்பத்தின்பால் வேதியியலாரின் நாட்டம் திரும்பியதற்குத் தக்க காரணம் உண்டு.

கேம்ப்டோதெசின் என்னும் ஆல்கலாய்டை 1966-இல் அமெரிக்காவில் வால், வானி ஆகியோர் ஒரு சீன மரத்திலிருந்து பிரித்தெடுத்தனர். முன்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய டி. ஆர். கோவிந்தாச்சாரி, விஸ்வநாதனுடன் சேர்ந்து, 1972-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஐகாசினேசி மரமாகிய நோதாபோடைட்டஸில் அதே பொருளைக் கண்டறிந்தார். உயிரணுவில் டி.என்.ஏ. இழையின் முறுக்கைத் தளர்த்தும் நொதியை இப்பொருள் முடக்குகிறது. இதனைச் சிறிது மாற்றி ஆக்கிய இரினோடெகான், 1996-இல் அமெரிக்காவில் பெருங்குடற் புற்றுநோய் மருந்தாக ஒப்புதல் பெற்றது.

தட்டில் மெல்லிய படலமாகப் பரவி வளரும் புற்று உயிரணுக்களை மருந்து எளிதில் தொடும். உடலிலுள்ள கட்டியோ படலமன்று. பெரிய சேனைத் துண்டின் மேற்புறத்தில் உப்புப் பிடித்தும் நடுவில் பிடியாதும் இருப்பதை வீடுகளில் காண்கிறோம். கட்டியின் ஓரம் மடிந்து உட்புறம் பிழைத்திருக்குமாயின் நோய் மீண்டும் தலையெடுக்கும்.

இதனை ஆராய, ஒட்டிக்கொள்ள இடமில்லாத கிண்ணங்களில் புற்று உயிரணுக்களை வளர்க்கின்றனர். அவை ஒன்றோடொன்று கூடி, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைகளாகின்றன. வெளியடுக்கு பெருகிக்கொண்டிருக்கும், நடுவடுக்கு செயலடங்கிக் கிடக்கும், ஆக்சிஜன் எட்டாத மையம் மடிந்துவிடும். சிறு கட்டியொன்றின் அமைப்பை இது பெரிதும் ஒத்திருக்கிறது.

உருண்டைக்குள் மருந்து சென்ற தூரத்தை எவ்வாறு காண்பது? உருளைக்கிழங்குத் துண்டை மைந்நீரில் ஊறவிட்டு, பின்னர் வெட்டி, மை பரவிய அளவை ஆசிரியர் வகுப்பில் காட்டலாம். அங்கே நிறம் காட்டிக்கொடுக்கிறது. மருந்துடன் சாயத்தைப் பிணைத்தாலோ மூலக்கூறே பருத்து, அதன் நடையும் மாறிவிடக்கூடும். ஆகவே மூலக்கூற்றின் எடையையே அடையாளமாகக் கொள்கின்றனர்.

மருந்தில் ஊறிய உருண்டையை ஜெலட்டினில் பதித்து, உறையவைத்து, பத்து மைக்ரான் அளவுத் தடிப்புள்ள சீவல்களாக அரிகின்றனர். லேசரின் ஆற்றலை ஏற்கும் ஒரு வேதிப்பொருளை அதன்மேற் பூசி, லேசர் கதிரைப் புள்ளி புள்ளியாகப் பாய்ச்சுகின்றனர். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்று எழுந்து, நிறை நிறமாலைமானியின் நீண்ட குழாயில் ஓடுகின்றன. இலேசானவை முந்தும், கனத்தவை பிந்தும். இரினோடெகான் 587 என்னும் எண்ணில் தோன்றும். அவ்வெண் எப்புள்ளியில் எத்துணை வலுவாக வந்தது என்று குறித்துச் சென்றால், அதுவே மருந்தின் வரைபடமாகும்.

இம்முறையின் சிறப்பு இதனோடு முடியவில்லை. உடலின் நொதிகள் இரினோடெகானை எஸ்.என்.-38 என்னும் பொருளாக மாற்றிய பின்னரே அது முழு வீரியம் பெறும். இப்பொருளின் எண் 393. எனவே மருந்து சென்று சேர்ந்ததா, சேர்ந்த இடத்தில் மாறியதா என்னும் இரு வினாக்களையும் ஒரே சீவலில் ஆராயலாம். அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தார், பெருங்குடற் புற்று உருண்டைகளுள் இரினோடெகான் காலப்போக்கில் ஊடுருவுவதையும், அதன் மாற்றுப்பொருள்களையும் 2013-இல் இவ்வாறு வெளியிட்டனர்.

உருண்டையில் இரத்தக் குழாய்கள் இல்லை என்பதை மறக்கலாகாது. நோயாளியின் உடலில் மருந்து வரும் வழி வேறு.

இதே கருத்து தாவரங்களுக்கும் பொருந்தும். 2016-இல் சென்னை ஐ.ஐ.டி.யினரும் பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தினரும், லேசருக்கு மாறாக மின்னேற்றிய நுண்துளிகளைத் தெளிக்கும் முறையால், ரோகிடுகின் என்னும் புற்றெதிர்ப்புப் பொருள் டைசாக்சைலம் நாற்றில் பரவியிருப்பதைப் படமாக்கினர். கேம்ப்டோதெசினுக்காக வெட்டப்பட்டு நோதாபோடைட்டஸ் மரங்கள் மேற்கு மலைகளில் அருகிவிட்டன. வேண்டிய பொருள் இலையிலோ விதையிலோ தங்குவது படத்தில் தெரியுமாயின், அந்தமான் மரமொன்றை ஆராய நேரும்போது அதனைச் சாய்க்க வேண்டியிராது. ஒரு கிளை போதும்.