ஊருக்கு ஒரு லோரா கேட்வே: எங்கே வைப்பது, எப்படி நிறுவுவது?

சென்னையில் வானிலைத் துறை நீண்ட காலமாக மழை அளந்துவரும் இடங்களில் நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும் முக்கியமானவை. இரண்டும் ஒரே நகரத்துக்குள்தான் இருக்கின்றன. ஆனாலும் ஒரே நாளில் அங்கே ஒரு கணக்கும் இங்கே ஒரு கணக்கும் வருவது வழக்கம். அப்படியிருக்க, வட்டாரத் தலைமையிடத்தில் பதிவான மழையை வைத்து உங்கள் வயலுக்குத் தண்ணீர் விடுவதா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்ய முடியும்? அதனால்தான் மண் ஈரம், மழை, கிணற்று நீர்மட்டம் ஆகியவற்றை அளக்கும் சென்சார்களைப் பல விவசாயிகள் தங்கள் நிலத்திலேயே வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

சென்சார் வாங்குவது எளிது. அது அளந்ததை உங்கள் கைபேசிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் சிக்கல். ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு சிம் கார்டு போட்டால் மாதச் செலவு ஏறும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். இதற்கு மாற்றாக வந்ததுதான் லோரா என்ற நெடுந்தூரக் கம்பியில்லாத் தொழில்நுட்பம். பல கிலோமீட்டரில் பரவிக்கிடக்கும் சென்சார்களின் செய்திகளை ஒரே ஒரு கேட்வே வாங்கி இணையத்துக்கு அனுப்பிவிடும். சென்சாரின் சிறிய பேட்டரி சில ஆண்டுகள்கூடத் தாங்கும்.

முதலில், இது உங்களுக்குத் தேவையா?

உங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலமும் ஒன்றிரண்டு சென்சார்களும் மட்டும் என்றால் கேட்வே வேண்டாம். சிம் போட்ட சென்சாரே போதும். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகவோ இருபது முப்பது சென்சார்கள் வைக்கப் போகிறீர்கள் என்றால் பொதுவாக ஒரு கேட்வே வைப்பது லாபம். உங்கள் பகுதியில் கைபேசி சிக்னல் சரியாக எட்டாத வயல்கள் இருந்தாலும் இதுவே வழி. கேட்வேயை நல்ல சிக்னல் உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளலாம். வயலில் சிக்னல் இருக்க வேண்டிய அவசியமில்லை.

2015-இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 'தி திங்ஸ் நெட்வொர்க்' என்ற அமைப்பினர் வெறும் பத்து கேட்வேகளை வைத்து நகரம் முழுவதற்கும் இந்த வலையை அமைத்தார்கள். பெரிய நிறுவனம் வந்துதான் செய்ய வேண்டும் என்பதில்லை, ஒரு குழு நினைத்தால் போதும் என்பதற்கு அது உதாரணம்.

வாங்கும்போது அலைவரிசையைப் பாருங்கள்

இந்தியாவில் உரிமம் இல்லாமல் இதற்குப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை. கருவியின் அமைப்பில் இதை 'ஐ.என். 865' என்று தேர்வு செய்ய வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடைகளிலோ கேட்டால் 433, 868, 915 என்று பல எண்கள் எழுதிய கருவிகளைக் காட்டுவார்கள். 915 என்பது அமெரிக்காவுக்கானது. விலை குறைவு என்று அதை வாங்கிவிடாதீர்கள். அது இங்கே சட்டப்படியும் சரியல்ல, 865-க்கான சென்சாரோடும் பேசாது. 868 என்று போட்டிருந்தால், 865 முதல் 867 வரை வேலை செய்யுமா, ஐ.என். 865 அமைப்பு உண்டா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உரிமம் தேவையில்லை என்றாலும் கருவிக்கு மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் இ.டி.ஏ. சான்று இருக்க வேண்டும். விற்பவரிடம் அதன் நகலைக் கேளுங்கள்.

வெளியில் வைப்பதற்கு ஐ.பி. 65 அல்லது ஐ.பி. 67 தரமுள்ள, எட்டு சேனல் கேட்வேயாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்குள் வைக்கும் மலிவான கேட்வேயைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வெளியில் மாட்டினால் சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் தாங்காது.

உயரம்தான் எல்லாம்

தி.நகர் போல அடுக்குமாடிகள் நெருங்கிய இடத்தில் லோரா சிக்னல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போவதே பெரிது. கான்கிரீட்டும் இரும்பும் அலையை விழுங்கிவிடும். நம் வயல்வெளியில் கட்டடங்கள் இல்லை, அதனால் ஐந்து கிலோமீட்டருக்கு மேலும் போக வாய்ப்புண்டு. ஆனால் நம்மிடம் தென்னந்தோப்பு இருக்கிறது. ஈர ஓலைகள் இந்த அலையை நன்றாகத் தடுக்கும்.

கேட்வேக்கும் சென்சாருக்கும் நடுவே நேர்கோட்டில் பார்வை தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. அலை ஒரு நூல் போலப் போவதில்லை. வெள்ளரிக்காய் போல நடுவில் பருத்துப் போகிறது. 2 கிலோமீட்டர் தூரத்துக்கு அந்த வெள்ளரிக்காயின் நடுப்பகுதி, நேர்கோட்டிலிருந்து மேலும் கீழும் சுமார் 13 மீட்டர் பருத்திருக்கும். அதில் 60 சதவீதமாவது, அதாவது 8 மீட்டராவது தடையில்லாமல் இருந்தால்தான் சிக்னல் நன்றாக வரும். 5 கிலோமீட்டர் என்றால் சுமார் 12 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும்.

ஆன்டெனா 15 மீட்டர் உயரத்திலும் சென்சார் 2 மீட்டர் உயரத்திலும் இருந்தால், நடுவில் கோட்டின் உயரம் எட்டரை மீட்டர். 2 கிலோமீட்டருக்கு இது சரியாகப் பொருந்தும். அதற்கு அப்பாலும் சிக்னல் போகும், ஆனால் பலம் குறையும். நடுவில் தோப்பு இருந்தால் அந்தக் கணக்கும் மாறிவிடும். ஆகவே ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தொட்டி, அரிசி ஆலைக் கட்டடம், பள்ளிக்கூட மாடி என ஊரிலேயே உயரமான இடத்தை அனுமதி பெற்றுப் பயன்படுத்துங்கள். வயலில் உள்ள சென்சாரின் ஆன்டெனாவும் பயிர் வளர்ந்த பிறகு அதற்கு மேலே நிற்கும்படி இருக்க வேண்டும். நட்ட கரும்பில் கிடைத்த சிக்னல், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்பில் கிடைக்காது.

ஆன்டெனாவும் கேபிளும்

எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வாங்கும் ஃபைபர் கிளாஸ் ஆன்டெனா நமக்குப் போதும். 5 அல்லது 6 டெசிபல் திறன் இருந்தால் சரி. ஆன்டெனாவை மாட்டாமல் கேட்வேக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள், அலை அனுப்பும் பகுதி கெட்டுப்போகும்.

பணம் வீணாவது பெரும்பாலும் கேபிளில்தான். ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய கேபிளை 10 மீட்டர் இழுத்தால் சுமார் 5 டெசிபல் இழப்பு. அதாவது வந்த சிக்னலில் மூன்றில் இரண்டு பங்கு கேபிளுக்குள்ளேயே போய்விடும். எல்.எம்.ஆர். 400 என்ற தடித்த கேபிளில் அதே 10 மீட்டருக்கு ஒன்றேகால் டெசிபல் அளவுதான் இழப்பு. அதைவிட நல்ல வழி, கேட்வேயையே ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் மேலே மாட்டிவிடுவது. கீழேயிருந்து வெளிப்புறத்துக்கான ஒரே ஈதர்நெட் கேபிளில் மின்சாரமும் இணையமும் சேர்ந்து போகும். இந்த முறைக்கு 'பி.ஓ.இ.' என்று பெயர். 100 மீட்டர் வரை இழுக்கலாம்.

கேபிள் கருவிக்குள் நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு வளைவு விட்டு மாட்டுங்கள். கேபிள் வழியே வழியும் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே போகாது. ஆன்டெனா இணைப்பின் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதன் மேல் சாதாரண டேப்பையும் சுற்றுங்கள். பெட்டிகளில் எறும்பும் பல்லியும் நுழையாதபடி துளைகளைக் கிளாண்டு போட்டு அடையுங்கள்.

கடலோர மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. மயிலாப்பூர், அடையாறு பக்கம் மொட்டைமாடிகளில் உள்ள இரும்புக் கிளாம்புகளைப் பார்த்தால் உப்புக்காற்று என்ன செய்யும் என்பது தெரியும். நாகையிலும் ராமநாதபுரத்திலும் அதே கதைதான். கம்பத்துக்கு நன்றாக நாகமுலாம் பூசிய ஜி.ஐ. பைப்பும், போல்ட்டு நட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகும் வாங்குங்கள்.

இடியும் புயலும்

உயரத்தில் நிற்கும் உலோகக் கம்பம் இடியை அழைக்கும். ஆன்டெனாவுக்கும் கேட்வேக்கும் இடையே மின்னல் தடுப்பான் ஒன்றும், ஈதர்நெட் கேபிளுக்குத் தனியாக ஒன்றும் பொருத்துங்கள். கம்பத்தையும் தடுப்பான்களையும் வளைவு நெளிவில்லாத தடித்த செம்புக் கம்பியால் எர்த் குழியோடு இணைக்க வேண்டும். எர்த் தடை 10 ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கட்டடத்தில் ஏற்கெனவே எர்த் இருந்தால் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இடி விழும் நேரத்தில் இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் பாயும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளை அழித்தது. நீங்கள் நடும் கம்பமும் அப்படிப்பட்ட காற்றைச் சந்திக்கும். மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டுங்கள். தென்னை மரத்தில் கட்டாதீர்கள். மரம் ஆடும், வளரும், விழும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றை மறக்காதீர்கள். கம்பம் சாய்ந்தால் மின்கம்பியில் படக்கூடிய தூரத்தில் அதை நடவே கூடாது. கம்பத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளியிருக்க வேண்டும். மின்வாரியக் கம்பத்தில் எதையும் கட்டாதீர்கள். வானம் இருட்டியிருக்கும்போது மேலே ஏறாதீர்கள்.

மின்சாரம்: அடைமழைக்குக் கணக்குப் போடுங்கள்

கேட்வேயும் 4ஜி மோடமும் சேர்ந்து 8 வாட் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குச் சுமார் 200 வாட்-மணி ஆகும். வெயிலே இல்லாத மூன்று நாளுக்கு 600 வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் 1,200 இருக்கும்; பேட்டரி கெடாமல் இருக்கப் பாதியைத்தான் எடுக்கலாம், அது 600. ஐப்பசி, கார்த்திகையில் நாளுக்கு மூன்று மணி நேர நல்ல வெயில் என்று எடுத்துக்கொண்டு இழப்பையும் சேர்த்தால், 100 வாட் பேனல் அன்றாடச் செலவுக்கு மட்டும் சரியாக இருக்கும். இறங்கிய பேட்டரி மீண்டும் ஏற வேண்டும் என்பதால் 150 வாட் போடுங்கள். உங்கள் கருவிகள் எடுக்கும் வாட்டைப் பார்த்து இதே முறையில் கணக்கிடலாம்.

இணைப்பும் சோதனையும்

ஒவ்வொரு கேட்வேயிலும் 16 எழுத்து எண்கள் கொண்ட ஓர் அடையாள எண் இருக்கும். மேலே மாட்டும் முன்பே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'தி திங்ஸ் நெட்வொர்க்' போன்ற பொதுச் சர்வரிலோ, 'சர்ப்ஸ்டாக்' என்ற இலவச மென்பொருளை நிறுவிய சொந்தச் சர்வரிலோ அந்த எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் இதை ஒரு நாளில் செய்து தருவார்கள். ஆனால் கடவுச்சொல் உங்கள் குழுவின் கையில் இருக்கட்டும்.

தி திங்ஸ் நெட்வொர்க்கின் இலவசச் சேவையில் ஒரு சென்சார் ஒரு நாளில் 30 விநாடிகள் மட்டுமே அலையில் பேசலாம். நல்ல சிக்னல் உள்ள சென்சார் ஒரு செய்தியை ஒரு விநாடியில் பதினாறில் ஒரு பங்கு நேரத்தில் அனுப்பிவிடும். சிக்னல் மோசமான சென்சாருக்கு அதே செய்திக்கு ஒன்றரை விநாடி பிடிக்கும். ஆக, மோசமான இடத்தில் இருப்பது நாளுக்கு 20 செய்திகளோடு நின்றுவிட வேண்டும், பேட்டரியும் விரைவில் தீரும். கம்பத்தைக் கூடுதலாக மூன்று மீட்டர் உயர்த்துவதன் பலன் இங்கேதான் தெரியும்.

நிறுவியதும் ஒரு சென்சாரைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாருடைய வயலுக்கும் போய்ப் பாருங்கள். சர்வரில் ஆர்.எஸ்.எஸ்.ஐ. என்ற அளவு -110-ஐ விட நன்றாகவும் (-100, -90 என்று), எஸ்.என்.ஆர். பூஜ்ஜியத்துக்கு மேலும் இருந்தால் கவலை இல்லை. -120-ஐ ஒட்டியும் எஸ்.என்.ஆர். -15 அளவிலும் இருந்தால், இன்று செய்தி வந்தாலும் மழை பிடித்தால் வராது. அந்த வயலின் சென்சாரை உயரக் கம்பில் மாட்டிப் பாருங்கள்.

மோட்டாரை இதை மட்டும் நம்பி விடாதீர்கள்

பேட்டரியில் ஓடும் லோரா சென்சார்கள் தாங்கள் பேசி முடித்ததும் சில நொடிகள் மட்டுமே காது கொடுத்துக் கேட்கும். அப்படிப்பட்ட கருவிக்கு 'மோட்டாரை நிறுத்து' என்று நீங்கள் அனுப்பினால், அது அடுத்த முறை பேசும் வரை கட்டளை காத்திருக்கும். மோட்டார் கட்டுப்பாட்டுக்கு எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும் 'கிளாஸ் சி' வகைக் கருவி வேண்டும். அதிலும், கேட்வேயோ இணையமோ நின்றுபோனால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் டைமரும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் பாதுகாப்பும் மோட்டார் கொட்டகையிலேயே இருக்க வேண்டும். புயல் நாளில் கைபேசிக் கோபுரமும் சேர்ந்தே நின்றுபோகும். உங்களுக்குத் தகவல் மிகவும் தேவைப்படும் நாளில் அது வராமல் போகலாம் என்று எண்ணியே ஏற்பாடு செய்யுங்கள்.

ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு முறையும், மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறையும் ஸ்டே கம்பி, டேப், எர்த் இணைப்பு, பேட்டரி ஆகியவற்றைப் பாருங்கள். பேனல் மேல் படியும் தூசியையும் காக்கை எச்சத்தையும் மாதம் ஒரு முறை துடையுங்கள். குழுவில் ஒருவரை இதற்குப் பொறுப்பாக்கி, கொஞ்சம் பணத்தையும் பராமரிப்புக்கென்று ஒதுக்கி வையுங்கள். எந்தப் பயிருக்கு எந்த ஈர அளவில் தண்ணீர் விடுவது என்பதற்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.