கொக்கு நடக்கும் குளம்

வவுனியாவுக்கு வடக்கே ஒரு சிறு குளம். மார்கழி மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. வான் பாய்ந்துகொண்டிருக்க, அணைக்கட்டிலிருந்து கல்லெறி தூரத்தில் ஒரு கொக்கு தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தது. அதன் கால் பாதிகூட நனையவில்லை. என்னோடு நின்ற பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "நான் பெடியனா இருக்கேக்க, தம்பி, உந்த இடத்தில குதிச்சா கால் நிலம் முட்டாது. இப்ப பாருங்கோ, கொக்கு நடக்குது."

வான் பாய்கிறதென்றால் குளம் நிறைந்துவிட்டது என்றுதானே நினைப்போம். இந்தக் குளமும் நிறைந்துதான் இருக்கிறது, மேலே தண்ணீரும் கீழே வண்டலுமாக. அந்த வண்டல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பெரியவர் அலைகரைக்கு அப்பால் கை காட்டினார். அவர் பாலைப்பழம் பொறுக்கித் தின்ற காடு அங்கேதான் இருந்ததாம். இப்போது ஆள் உயரத்துக்குச் சோளம் நிற்கிறது.

காட்டை விவசாயத்துக்குத் திறந்துவிடுவது பற்றிய வாதம் நமக்குப் புதிதல்ல. பாதுகாக்கப்பட்ட வனம் என்று வர்த்தமானியில் ஏறாத எஞ்சிய காடுகளை 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வனப் பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்தது. 2020 நவம்பரில் இன்னொரு சுற்றறிக்கை அதை நீக்கி, அந்தக் காடுகளை மாவட்ட, பிரதேச நிருவாகத்தின் கையில் கொடுக்கச் சொன்னது. ஏறக்குறைய 5 இலட்சம் ஹெக்டேயர் என்று அப்போது பேசப்பட்டது. அந்தச் சுற்றறிக்கை நீதிமன்றம் வரை போனது. சுற்றறிக்கைகள் வரும், போகும். வெட்டிய பாலை மரம் மட்டும் திரும்பி வருவதில்லை.

காடு போனால் யானை ஊருக்குள் வருவதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 2019இல் மட்டும் இலங்கையில் செத்த யானைகள் 400ஐத் தாண்டின; யானையால் செத்த மனிதர்களும் 100 பேருக்கு மேல். யானை செத்தால் படமாவது வரும். குளம் செத்தால் அதுவும் வராது. அதனால் என் கவலை குளத்தைப் பற்றியது.

பழைய சேனை வேறு, இன்றைய சோளத் தோட்டம் வேறு. பாட்டன் காலத்தில் ஒரு துண்டை எரித்து, அடிக்கட்டைகளை அப்படியே விட்டு, குரக்கனும் எள்ளும் பயறும் கலந்து விதைத்தார்கள். ஓரிரு போகத்தோடு அதை விட்டு நகர்ந்தார்கள். பல வருடம் கழித்துத் திரும்பும்போது பற்றை மூடி, மண் ஆறியிருக்கும். இன்று உழவு இயந்திரம் வேரோடு கிளறுகிறது, களைகொல்லி புல்லையும் விடுவதில்லை, வருடம் தவறாமல் அதே நிலம், அதே சோளம். பெரும்பகுதி கோழித் தீனிக்குப் போகிறது. 2018இல் படைப்புழு வந்து தின்றபோதும் ஆசை குறையவில்லை.

இதில் காலக்கணக்கு ஒன்று உண்டு. காலபோகச் சோளத்தை முதல் மழையோடு போடுகிறோம். பயிர் இலை விரித்து நிலத்தை மூடுவதற்குள் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்துவிடுகிறது. வருடத்து மழையில் பெரும்பங்கு கொட்டும் அந்த வாரங்களில் நிலம் அம்மணமாகக் கிடக்கிறது. காடாக இருந்தால் மரம் துளியின் வேகத்தைத் தாங்கும், சருகு தண்ணீரை மெல்ல இறக்கும். இப்போது மேல்மண்ணும் தண்ணீரும் சேர்ந்தே ஓடிக் குளத்தில் இறங்குகின்றன.

வன்னியிலும் வடமத்தியிலும் குளங்கள் தனித்தனியாக இல்லை. மேல்குளத்தின் வானும் வயலின் கழிவு நீரும் கீழ்குளத்துக்குப் போகும். சிங்களத்தில் எல்லங்காவ என்பார்கள். இந்தக் குளத்தொடர் முறையை 2017இல் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு உலக வேளாண் மரபுரிமையாக ஏற்றது. தொடரின் தலைமாட்டில் காடு போனால் மண் முதலில் மேல்குளத்தை நிரப்பும், பிறகு அடுத்ததுக்கு வரும்.

மண் ஏறிய குளத்தில் தண்ணீர் பரந்து நிற்கும், ஆழமாக நிற்காது. வெயில் அதைச் சுலபமாகக் குடித்துவிடும். சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கேட்கும்போது சண்டை அங்கேதான் தொடங்குகிறது. தூர் அள்ளினால் என்ன என்பார்கள். அள்ளிய மண்ணை எங்கே கொட்டுவது? அணையை உயர்த்தினால் மேலே யாருடைய வயல் மூழ்கும்? மேட்டில் ஒருவர் சோளத்தில் எடுத்த இலாபத்துக்குக் கீழே நாற்பது குடும்பம் நெல்லில் வட்டி கட்டுகிறது.

நிலமில்லாதவர் எங்கே போவார் என்று கேட்பவர்களும் உண்டு, நியாயமான கேள்விதான். போரில் இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் பற்றை மூடிய வயலைக் காடென்று எல்லைக்கல் நட்டிருந்தால், அதைத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். அது காட்டை வயலாக்குவது ஆகாது. என் வழக்கு குளத்துக்கு மேலே நிற்கும் காட்டைப் பற்றியது மட்டும்.

புறப்படும்போது பெரியவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்தார். தகரப் பெட்டியிலிருந்து தன் வயலின் உறுதியை எடுத்துக் காட்டினார். வடக்கே இன்னார் காணி, கிழக்கே ஒழுங்கை, தெற்கே வாய்க்கால், மேற்கே காடு என்று நான்கெல்லையும் எழுதியிருந்தது. மேற்கெல்லையில் விரலை வைத்தபடி, "இதை இப்ப என்னண்டு எழுதுறது, தம்பி?" என்று கேட்டார்.

காணி கொடுக்கும்போது நான்கெல்லை பார்க்கிறோம். அந்தக் காணியில் விழும் மழை எந்தக் குளத்துக்குப் போகிறது என்பதையும் ஒரு வரி எழுதச் சொன்னால், பாதிக் காடு தப்பும். பெரியவரின் குளமும் தப்பும்.