கண்ணாடி துடைப்பவர் கைக்கு எவ்வளவு வருகிறது?

கோலாலம்பூரில் இருபதாவது மாடி அலுவலகத்தில் வேலை செய்பவர்கள், சன்னலுக்கு வெளியே ஒருவர் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைப்பதைப் பார்த்திருப்பார்கள். 'இவ்வளவு ஆபத்தான வேலை. சம்பளமும் நிறையத்தான் கிடைக்கும்' என்று எண்ணிக்கொள்வதும் இயல்பு. ஆனால், கண்ணாடி துடைப்பவரின் சம்பளத்தை நிர்ணயிப்பது உயரம் மட்டுமல்ல. எந்த ஊர், எந்தக் குத்தகை, சட்டம் என்ன சொல்கிறது ஆகிய மூன்றும் சேர்ந்தே அதை நிர்ணயிக்கின்றன.

முதலில் வேலையைப் பார்ப்போம். கடை, பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் தரையில் நின்றோ ஏணியில் ஏறியோ துடைப்பவர்கள் பெரும்பாலும் பொதுத் துப்புரவுப் பணியாளர்களே. தரை கூட்டுவதும் கழிவறை கழுவுவதும் அவர்கள் பொறுப்புதான். தோட்டத்தை விட்டு நகருக்கு வந்த பல இந்தியக் குடும்பங்களுக்கு முதலில் கிடைத்தது இந்த வேலைதான். இரண்டாவது வகையினர், கட்டடத்தின் உச்சியிலிருந்து இறக்கப்படும் கோண்டோலாவில் நின்று துடைப்பவர்கள். மூன்றாவது வகையினர் கயிற்றில் இறங்குபவர்கள். இவர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். மூன்று படிநிலைகளில் சான்றிதழ் உண்டு. வேலைக்கு ஒரு கயிறு, பாதுகாப்புக்கு ஒரு கயிறு என இரண்டு கயிறுகளும் தனித்தனி இடங்களில் கட்டப்பட்டிருக்க வேண்டும். பயிற்சியும் சான்றிதழும் உள்ளவர் கூடுதல் சம்பளம் கேட்டுப் பெற முடியும். மற்றவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளமே துணை.

அந்தக் குறைந்தபட்சச் சம்பளம் தொடக்கத்தில் ஊருக்கு ஊர் வேறுபட்டது. 2013ஆம் ஆண்டில் அது நடப்புக்கு வந்தபோது தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 வெள்ளி. சபா, சரவாக், லாபுவானில் 800 வெள்ளி. 2016 ஜூலையில் அது முறையே 1,000 வெள்ளியாகவும் 920 வெள்ளியாகவும் உயர்ந்தது. 2019இல் நாடு முழுமைக்கும் ஒரே அளவாக 1,100 வெள்ளி நிர்ணயிக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் மீண்டும் ஒரு பிரிவு வந்தது. மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளில் 1,200 வெள்ளி, மற்ற இடங்களில் 1,100 வெள்ளி. 2022 மே மாதம் 1,500 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து 1,700 வெள்ளி. ஐவருக்கும் குறைவான தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அது அவ்வாண்டு ஆகஸ்டு முதல் தேதி நடப்புக்கு வந்தது.

1,700 வெள்ளியை 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. நாளுக்கு எட்டு மணி நேர வேலை எனக் கணக்கிட்டால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. வழக்கமான நாளில் மிகைநேரம் செய்தால் ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 12 வெள்ளி 26 காசு கிடைக்க வேண்டும். சட்டத்தில் தொகை ஒன்றாகிவிட்டது. ஆனால் வாடகை ஒன்றாகவில்லை. சிறுநகரில் சொந்த வீட்டில் இருப்பவருக்கு 1,700 வெள்ளி ஓரளவு தாங்கும். கோலாலம்பூரில் வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது வரவுக்கும் செலவுக்கும் எட்டாது.

அக்கரையிலுள்ள சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது. அங்கு எல்லாத் தொழிலுக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் இல்லை. துப்புரவுத் துறைக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை உண்டு. 2014இல் 1,000 சிங்கப்பூர் வெள்ளியில் தொடங்கிய பொதுத் துப்புரவாளரின் அடிமட்டச் சம்பளம், 2025 ஜூலையில் 1,910 வெள்ளியானது. திறனும் பொறுப்பும் கூடினால் சம்பளமும் கூட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆனால், அது சிங்கப்பூர் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளமோ, வீட்டுப் பணியாளர் நீங்கலாக, வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் உண்டு.

தொழிலாளர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 1,700 வெள்ளி என்பது அடிப்படைச் சம்பளம். '1,500 வெள்ளி அடிப்படைச் சம்பளம், 200 வெள்ளி உயரப்படி, ஆக மொத்தம் 1,700' என்று கணக்குக் காட்டுவது சட்டப்படி செல்லாது. இந்த வித்தியாசம் சிறியதல்ல. மழை பெய்தால் கயிற்றில் இறங்க முடியாது, படியும் நின்றுபோகலாம். அடிப்படைச் சம்பளம் அப்படி நிற்காது. சட்டத்தை மீறும் முதலாளிக்கு ஒரு தொழிலாளருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். குறைத்துக் கொடுத்த தொகையையும் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆகவே ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் பிடித்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். குறை இருந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

சம்பளத்தைப் போலவே உயிரும் முக்கியம். 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஆபத்தை நீக்கவில்லையென்றால், தொழிலாளர் அந்த இடத்தை விட்டு விலகலாம். கயிறு தேய்ந்திருந்தால் 'இறங்க மாட்டேன்' என்று சொல்வது அடம் அல்ல, உரிமை.

இதில் பொதுமக்களுக்கும் பங்கு உண்டு. அடுக்குமாடி வீடுகளின் நிர்வாகக் குழுக்களில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். துப்புரவுக் குத்தகை கொடுக்கும்போது மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த விலையில் எத்தனை பேருக்கு 1,700 வெள்ளி கொடுக்க முடியும், கயிறு மாற்றப் பணம் இருக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. குத்தகை கைமாறும்போது பத்தாண்டு உழைத்தவரும் புதிய ஆளாகவே மீண்டும் தொடங்குகிறார். பழைய ஆட்களை அதே சம்பளத்தில் தொடர வைக்க வேண்டும் என்று குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரு குடும்பம் நிலைபெறும். அந்த வரியை எழுதும் அதிகாரம் குத்தகை கொடுப்பவர் கையில்தான் இருக்கிறது.