கொல்லைப்புறத்துச் சங்கீத வித்வான்

விடிவதற்கு இன்னும் ஒரு நாழிகை இருக்கும். பால்காரர் குரல்கூடக் கேளாத அவ்வேளையில், கொல்லை மரத்தின் உச்சியிலிருந்து இனிய சீழ்க்கை ஒன்று எழுகிறது. ஏறுகிறது, இறங்குகிறது, சற்றே நின்று வேறொரு சங்கதியுடன் மீண்டும் தொடங்குகிறது. குயில்தான் கூவுகிறதென்று திரும்பிப் படுத்துக்கொள்வோர் பலர். நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தோம். பாடுவது குயிலன்று, குண்டுக்கரிச்சான்.

இப்பறவையை இனங்காண்பது கடினமன்று. மைனாவைவிடச் சற்றுச் சிறியது. நீளம் ஏறக்குறைய 8 அங்குலம். ஆணின் தலை, முதுகு, மார்பு யாவும் பளபளக்கும் கறுப்பு. வயிறு தூய வெள்ளை. சிறகில் வெள்ளைப் பட்டையொன்று உண்டு. வாலின் இரு ஓரங்களும் வெண்மை. பெண்ணுக்குக் கறுப்பின் இடத்தில் சாம்பல் நிறம்.

நம்மை ஏமாற்றக்கூடியவை இரண்டு. குளத்தங்கரையில் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் வாலாட்டிக்கும் கறுப்பு வெள்ளை உடைதான். ஆனால் அதற்கு வெள்ளைப் புருவம் உண்டு. கருஞ்சிட்டு, கரிச்சானைப் போலவே வாலைத் தூக்கும். எனினும் அதன் வாலடி செங்காவி நிறம், வயிற்றில் வெண்மை இராது.

பங்குனி முதல் ஆனி வரை இவ்வித்வானின் கச்சேரிக் காலம். தன் எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவுமே ஆண் பாடுகிறது. மரப்பொந்திலோ சுவர் ஓட்டையிலோ பெண் நான்கைந்து முட்டையிட்டு, தானே அடைகாக்கும். ஆண் அருகிலிருந்து காவல் புரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கொல்லையில் பட்டுப்போன முருங்கையை வெட்டச் சொன்னோம். மரம் சாய்ந்த பின்னரே பொந்தும், அதனுள் நொறுங்கிய நீலப்பச்சை முட்டைகளும் கண்ணிற்பட்டன. மறுநாள் விடியலில் பாட்டில்லை. அந்த மௌனத்தை நாம் இன்றும் மறக்கவில்லை.

ஆதலால் பட்ட மரத்தை வெட்டுமுன் ஒருமணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். வாயில் நாரோ புழுவோ ஏந்திய பறவை ஒரே இடத்திற்குத் திரும்பத் திரும்ப வருமாயின், கோடரியை ஆவணி வரை ஒதுக்கி வையுங்கள். பொந்தில்லா வீட்டில், சிறு துளையிட்ட மரப்பெட்டியொன்றைச் சுவரில் பொருத்தினாலும் போதும்.

கூண்டில் அடைக்கும் ஆசை மட்டும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதைத் தடுக்கிறது. சிங்கப்பூரில் கூண்டுக்காகப் பிடித்ததாலும் பிற காரணங்களாலும் 1970-களில் இவ்வினம் அருகிப்போய், பின்னர் மீண்டும் கொணர்ந்து விட வேண்டியதாயிற்று.

நாளை விடியற்காலை, குழந்தைகளையும் எழுப்பிக்கொண்டு கொல்லைக் கதவை ஓசையின்றித் திறந்து பாருங்கள்.