குர்லாவுக்கு வந்து சர்ச்கேட்டுக்குப் போன ரெயில்

தாராவியில் இருந்து நடந்து சயான் ஸ்டேஷனுக்கு வந்து, காலை லோக்கலைப் பிடித்து வேலைக்கு ஓடும் தமிழர்களுக்குத் தெரிந்த கவலை ஒன்றுதான். "உள்ளே நிற்க இடம் கிடைக்குமா?"

புது ரெயில் வருகிறது என்று செய்தி வந்தால் இன்னொரு கேள்வியும் எழும். "நம்ம லைனுக்கு வருமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அதிகாரிகளின் கையெழுத்து மட்டும் அல்ல. தண்டவாளத்துக்கு மேலே நிற்கும் பழைய பாலம் கூட பதில் சொல்லும். மும்பையின் முதல் ஏ.சி. லோக்கலின் கதை இதற்குச் சாட்சி.

பெரம்பூர் ரெயில்

அந்த ரெயில் பிறந்தது சென்னை பெரம்பூரில். 1955-ம் ஆண்டு முதல் ரெயில் பெட்டிகள் செய்துவரும் ஐ.சி.எப். தொழிற்சாலையில் 12 பெட்டிகளுடன் தயாராகி, 2016 ஏப்ரலில் மும்பை வந்து, மத்திய ரெயில்வேயின் குர்லா கார்ஷெட்டில் நின்றது. சயான், மாட்டுங்கா தமிழர்களுக்கு அடுத்த வீடு மாதிரி!

ஆனால் ரெயில் வந்த உடனே ஆள் ஏற்ற முடியாது. புது வகை ரெயில் என்றால் பல சோதனைகள் உண்டு. எத்தனை வேகத்தில் எவ்வளவு ஆடுகிறது? பிரேக் போட்டால் எத்தனை தூரத்தில் நிற்கிறது? கதவு மூடாதபோது வண்டி நகராமல் இருக்கிறதா? இவற்றை எல்லாம் பார்க்க வேண்டும்.

காலி வண்டியை ஓட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. மும்பை நெரிசலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் 14 முதல் 16 பேர் வரை நிற்கிறார்கள். அதனால் ஆட்களின் எடைக்குச் சமமாக மணல் மூட்டைகளை அடுக்கி ஓட்டிப் பார்க்கிறார்கள். பாரம் கூடினால் பிரேக் பிடிக்கும் தூரமும் மாறும். லக்னோவில் உள்ள ரெயில்வே ஆராய்ச்சி அமைப்பு இந்தச் சோதனைகளைச் செய்கிறது. பிறகு பாதுகாப்பு கமிஷனரின் அனுமதி வேண்டும்.

தடுத்தது பாலம்

இங்கே சோதனைக்கு முன்பே வேறு தடை வந்தது. ரெயிலின் உயரம்!

குர்லாவுக்கும் சி.எஸ்.எம்.டி.க்கும் இடையே வெள்ளைக்காரர் காலத்துப் பாலங்கள் பல உண்டு. அவை தாழ்வானவை. பாலத்துக்கும் மின்கம்பிக்கும் நடுவே இடைவெளி வேண்டும். கம்பிக்கும் ரெயில் கூரைக்கும் நடுவேயும் வேண்டும். முன்பு 1,500 வோல்ட் ஓடிய கம்பியில் இப்போது 25 ஆயிரம் வோல்ட் ஓடுகிறது. இடைவெளியில் சில சென்டிமீட்டர் குறைந்தாலும் ஆபத்து. புது ரெயிலோ அந்தச் சில சென்டிமீட்டர் உயரமாகவே இருந்தது.

ஓராண்டுக்கு மேல் காத்திருந்த பிறகு அது மேற்கு ரெயில்வேக்கு மாற்றப்பட்டது. 2017 டிசம்பர் 25-ந் தேதி போரிவிலியில் இருந்து சர்ச்கேட்டுக்கு முதல் ஓட்டம் ஓடியது. மும்பைக்கு வந்து 20 மாதம் கழித்து!

மத்திய ரெயில்வேக்கு உயரம் குறைத்துச் செய்த ரெயில்கள் பிறகு வந்தன. 2020 ஜனவரியில் தானே-பன்வேல் தடத்திலும், அதே ஆண்டு டிசம்பரில் மெயின் லைனிலும் அவை ஓடத் தொடங்கின.

மக்கள் வைத்த சோதனை

பாலத்தைத் தாண்டிய ரெயில் மக்களிடம் மாட்டிக்கொண்டது. மெயின் லைனில் தண்டவாளம் முழுவதும் ரெயில்கள். புதிதாக ஒரு ஏ.சி. ரெயிலை நுழைக்க வேண்டுமானால் ஒரு சாதாரண ரெயிலை நிறுத்த வேண்டும்.

கட்டணமும் ஒரு பிரச்சினை. 2022 மே மாதம் ஏ.சி. லோக்கலின் குறைந்தபட்சக் கட்டணம் 65 ரூபாயில் இருந்து 30 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அப்படிக் குறைத்த பிறகும், அப்போது சாதாரண 2-ம் வகுப்பின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான். கூலி வேலைக்குப் போகிறவரால் ஆறு மடங்கு கொடுக்க முடியுமா?

2022 ஆகஸ்டில் 10 சாதாரண சர்வீஸ்கள் ஏ.சி.யாக மாற்றப்பட்டபோது கல்வாவிலும் பத்லாப்பூரிலும் பயணிகள் கொதித்தனர். கல்வா கார்ஷெட்டில் இருந்து வந்த ரெயிலை மறித்தனர். சில நாட்களிலேயே அந்த 10 சர்வீஸ்களும் பழையபடி சாதாரண ரெயில்களாக ஓடின.

அடுத்தது

2025 ஜூன் 9-ந் தேதி மும்ப்ரா அருகே வாசலில் தொங்கியபடி சென்ற பயணிகள் விழுந்து உயிரிழந்தனர். அதன் பிறகு, ஏ.சி. இல்லாத புது லோக்கல்களிலும் தானாக மூடும் கதவுகள் வைக்கப்படும் என்று ரெயில்வே அறிவித்தது. கதவை மூடினால் மூச்சு முட்டுமே என்பதற்காக, காற்று புகும் இடைவெளி கொண்ட கதவு, கூரையில் காற்றோட்டக் கருவி, பெட்டிக்குப் பெட்டி போக வழி என்று திட்டம் சொன்னது.

சாதாரணக் கட்டணத்தில், கதவு மூடிய ரெயில்! சயான் பிளாட்பாரத்தில் நிற்பவர்களுக்குத் தேவை அதுதான். ஆனால் எந்தப் புது வகை ரெயிலும் முதலில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டுதான் ஓடவேண்டும். மனிதர்களின் முறை அதற்குப் பிறகுதான்.