பாரி மகளிர்

போரில் வென்றார் இன்னார், தோற்றார் இன்னார் என்பதை வரலாறு கூறும். அப்போரால் நாடிழந்த மகளிரின் உள்ளம் எவ்வாறாயிற்று என்பதைப் பாட்டே கூறும். புறநானூற்றில் பாரி மகளிரைப் பற்றி அமைந்த பாடல்கள் இவ்வுண்மையை நன்கு விளக்குவன. ஏட்டுச் சுவடிகளில் மறைந்து கிடந்த இந்நூலை டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளிப்படுத்தினார்.

பறம்பு மலைக்குத் தலைவன் வேள் பாரி. இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையே அப்பறம்பு என்பர். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கும் உழவர் உழாமலே அங்கு விளைந்தன. பாரி தன் 300 ஊர்களையும் பரிசிலர்க்கு வழங்கியவன். முல்லைக்கொடி படரத் தேரையும் ஈந்தவன். மூவேந்தரும் அம்மலையை முற்றுகையிட்டனர். பாரி மாண்டான், பறம்பு வீழ்ந்தது. அவன் மகளிர் இருவரையும் தந்தையின் நண்பராகிய கபிலர் அழைத்துக்கொண்டு வெளியேறினார்.

அம்மகளிரே பாடியதாக ஒரு பாட்டு உண்டு. சென்ற திங்களின் நிலவொளியில் தந்தையும் இருந்தான். மலையும் தமதாய் இருந்தது. இத்திங்களின் நிலவொளியில் இரண்டும் இல்லை. இதுவே அப்பாட்டின் பொருள். தாம் துறந்த அணிகலனைப் பற்றியோ, இழந்த செல்வ வாழ்வைப் பற்றியோ அவர்கள் ஒரு சொல்லும் கூறவில்லை. தந்தையையும் மலையையும் ஒருங்கே வைத்து வருந்துகின்றனர். நிலவு மாறவில்லை, அதனைக் காணும் மகளிரின் நிலையே மாறியது.

கபிலர் பாட்டொன்று அவர்தம் எழிலைக் காட்டுகின்றது. ஆழ்ந்த சுனையில் மலர்ந்த குவளையின் முழுமலர்களால் ஆகிய தழையை உடுத்தவர். குளிர்ந்த கண்ணும் இனிய நகையும் உடையவர். ஆயினும் அவர்கள் நிற்கும் இடம் யாது? முள்வேலி சூழ்ந்த சிறு குடிலின் முற்றம்; பீர்க்கும் சுரையும் படர்ந்த பக்கம். அங்குள்ள ஈத்திலைக் குப்பைமேல் ஏறி நின்று, வழியே செல்லும் உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணுகின்றனர். முன்னாளில் தந்தையின் மலைமேல் நின்று, போருக்கு வந்த வேந்தரின் பொன்னணி பூண்ட குதிரைகளை எண்ணியவர்களும் இவர்களே! எண்ணும் விளையாட்டு அதுவே, எழிலும் அதுவே. நின்ற மலை மட்டும் இல்லை. அக்காட்சியைக் கண்ட கபிலர், தம் வாழ்நாள் தேய்ந்தொழியட்டும் என நொந்தார். மகிழ்ச்சி தரவேண்டிய அழகு, இழந்த நாட்டின் அளவைக் காட்டும் கோலாயிற்று.

பின்னர்க் கபிலர் அம்மகளிரை மணஞ்செய்விக்க விரும்பி விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்றார். அங்கு அவர்தம் அழகை எடுத்துரைத்தாரல்லர். ‘இவர் பறம்பின் தலைவனாகிய பாரியின் மகளிர்’ என்றே அறிமுகம் செய்தார். அரசர் இருவரும் மறுத்தனர். எனினும் கபிலர் கூறிய அறிமுகம் அழியவில்லை. பறம்பு பகைவர் கைப்பட்ட பின்னரும் அவர்கள் பறம்பின் மகளிராகவே விளங்கினர்.

மலையைக் கவர்ந்த வேந்தரால் அப்பெயரைக் கவர இயலவில்லை. நாடு அழியினும், அந்நாட்டின் புகழை அதன் மக்களோடு சேர்த்துக் காப்பது பாட்டின் தொண்டாகும்.